கதவு எந்தப் பக்கம்? சீனக் கடற்படையின் தரையிறக்கக் கப்பல்கள்: ஓர் எளிய அறிமுகம்

2024 ஆகஸ்ட் 26 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு மூன்று சீனப் போர்க்கப்பல்கள் வந்தன. அதே நாளில் இந்தியாவின் ஐஎன்எஸ் மும்பையும் அங்கே வந்து சேர்ந்ததால், ‘இந்தியா–சீனா போட்டி’ என்ற பழைய பல்லவியிலேயே பெரும்பாலான பேச்சு ஓடி முடிந்தது. எனக்கோ வந்த கப்பல்கள் என்ன வகை என்பதில்தான் கண் போனது. ஒன்று ஹெஃபெய், வழக்கமான நாசகாரிக் கப்பல். மற்ற இரண்டும், அதாவது வூஜி ஷானும் சிலியன் ஷானும், வேறு ரகம். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய உடம்புக்கு முன்பக்கம் ஒரே ஒரு நடுத்தர பீரங்கி. நாசகாரியில் இருப்பதுபோல் ஏவுகணைக் குழாய்களின் வரிசை கிடையாது. பின்பாதி முழுக்க ஹெலிகாப்டர் இறங்கும் தட்டை மேடை. அதற்குக் கீழே, கப்பலின் முதுகுப்புறத்தில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு ராட்சதக் கதவு.

அந்தக் கதவுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சாதாரணக் கப்பலில் இருந்து ஒரு லாரியை இறக்க என்ன வேண்டும்? ஆழமான துறைமுகம், கப்பலை அணைத்துக் கட்ட மேடை, தூக்கி இறக்கக் கிரேன். போர் என்று வந்தால் எதிரி முதலில் காவல் போடுவது துறைமுகத்துக்குத்தான். காக்க முடியாவிட்டால் அதைத் தகர்த்துவிட்டுப் போவான். ஆகவே துறைமுகமே இல்லாத வெறும் மணல் கரையில் ஆளையும் டாங்கியையும் இறக்கத் தெரிந்த கப்பல் வேண்டியிருக்கிறது. அதைத்தான் தரையிறக்கக் கப்பல் என்கிறோம். ஈழத்துத் தமிழில் இத்தகைய தாக்குதலுக்கு ‘ஈரூடகத் தரையிறக்கம்’ என்று ஒரு சொல் உண்டு. நீர், நிலம் என்ற இரண்டு ஊடகத்திலும் நடப்பது என்பதால் பொருத்தமான சொல்தான்.

இதைச் செய்ய இரண்டு வழிகள். கப்பலே நேராக வந்து மணலில் மூக்கை ஏற்றிவிடலாம். அல்லது கப்பல் தள்ளி நின்றுகொண்டு, தன் வயிற்றில் இருந்து சின்ன வாகனங்களை அனுப்பலாம். சீனக் கடற்படையின் கடந்த எழுபது ஆண்டுக் கதையை, முதல் வழியில் இருந்து இரண்டாவது வழிக்கு நகர்ந்த கதை என்று சொல்லிவிடலாம். ஏன் நகர்ந்தது என்று தெரிய முதல் வழியின் சங்கடம் புரிய வேண்டும்.

நம் கடற்கரைகளில் ஃபைபர் படகு கரையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அலையின் முதுகில் ஏறி வந்து, கடைசி நொடியில் இன்ஜினைத் தூக்கிவிட்டு, சர்ரென்று மணலில் ஏற்றுவார்கள். பிறகு பத்துப் பேர் சேர்ந்து இழுப்பார்கள். இதையே நாலாயிரம் டன் இரும்பில் செய்து பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆயிரத்துக்கும் மேல் கட்டித் தள்ளிய டாங்கித் தரையிறக்கக் கப்பல்கள் இதைத்தான் செய்தன. அடிப்பகுதி தட்டை. முகப்பில் இரட்டைக் கதவு, அதற்குப் பின்னால் சாய்வுப் பலகை. கரைக்கு வரும்போது பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு வரும். டாங்கிகள் இறங்கிய பிறகு அந்த நங்கூரச் சங்கிலியைத் தானே சுற்றி இழுத்துக்கொண்டு பின்னால் நழுவும். எளிமையான, அழகான யோசனை. ஆனால் தட்டை அடிப்பகுதி என்பதால் நடுக்கடலில் தொட்டில் மாதிரி ஆடும். வேகமும் குறைவு. மணலில் மூக்கைப் புதைத்து நிற்கும் நேரத்தில் எதிரிக்கு அதைவிட வசதியான இலக்கு கிடைக்காது. எல்லாவற்றையும் விட, கடல் வற்றும் நேரம் தெரியாமல் வந்தால் அடுத்த பெருக்கு வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சீனா ரத்தம் கொடுத்துக் கற்றது.

1949 அக்டோபர். மாவோவின் படை சீனாவின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. சியாமென் நகரத்துக்கு எதிரே, கரையில் இருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் கின்மென் தீவு. சியாங் கை-ஷேக்கின் தேசியவாதிகள் கையில் அது இருந்தது. அக்டோபர் 24 நள்ளிரவை ஒட்டி, மாவோவின் மக்கள் விடுதலைப் படை வீரர்கள் சுமார் 9,000 பேர் மீன்பிடிப் படகுகளில் ஏறிக் கிளம்பினார்கள். தரையிறக்கக் கப்பல் என்று சொல்ல அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. காற்று படகுகளைக் கலைத்துப்போட்டது. கடல் ஏறியிருந்த நேரத்தில் குநிங்தோ கரையில் இறங்கினார்கள். திட்டம் என்னவென்றால், படகுகள் திரும்பிப் போய் இரண்டாம் அணியை ஏற்றி வர வேண்டும். அதற்குள் கடல் வற்றிவிட்டது. படகுகள் எல்லாம் சேற்றிலும் மணலிலும் உட்கார்ந்துகொண்டன. விடிந்ததும் தீவில் இருந்தவர்கள் அவற்றைக் கொளுத்தினார்கள். எதிர்க்கரையில் இரண்டாம் அணி தயாராக நின்றது, ஏற ஒரு படகு இல்லாமல். இறங்கியவர்கள் மூன்று நாளில் செத்தார்கள் அல்லது சரணடைந்தார்கள்.

இந்தச் சண்டையில் ஒரு கிளைக்கதை உண்டு. தேசியவாதிகளின் தரையிறக்கக் கப்பல் ஒன்று, அமெரிக்காவில் கட்டப்பட்டது, முந்தின நாளே சரக்கை இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். வெல்லம் கொடுத்துக் கடலை எண்ணெய் வாங்கும் வியாபாரம் ஒன்று பாக்கி இருந்ததாம். எண்ணெய் போதவில்லை என்று ஒரு நாள் காத்திருந்தார்களாம். அதனால் அன்றிரவு அங்கேயே இருந்து, கரையில் கிடந்த படகுகளைச் சுட்டுத் தள்ளியது. கடலை எண்ணெய் பகுதியை நான் நூறு சதவீதம் நம்பச் சொல்ல மாட்டேன். தேசியவாதிகள் போய் ஒதுங்கிய தைவானில் இதை ரசித்துச் சொல்வார்கள். கடல் வற்றியதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஹைனான் தீவைப் பாய்மரப் படகுகளை வைத்தே பிடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நீரிணை குறுகியது, தீவுக்குள்ளேயே அவர்களுடைய கெரில்லாப் படை இருந்தது. தைவான் அப்படியில்லை. நடுவே குறுகிய இடத்திலேயே சுமார் 130 கிலோமீட்டர் கடல்.

ஆரம்பகாலச் சீனக் கடற்படையின் தரையிறக்கக் கப்பல்களும் அதே அமெரிக்கக் கப்பல்கள்தான். போருக்குப் பின் தேசியவாதிகளுக்குக் கிடைத்தவற்றில் சில கைமாறி வந்தவை. ஆக, நீரிணையின் இரு கரையிலும் ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்றன. பிறகு சீனா அந்த அச்சை வைத்தே 072 ரகத்தைத் தானே கட்டத் தொடங்கியது. அதன் பிந்தைய வடிவங்கள் சுமார் 120 மீட்டர் நீளம், முழு எடையில் ஐயாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து டாங்கி, இருநூற்றைம்பது வீரர்கள் ஏறலாம். முன்கதவு உண்டு. இன்றும் இவை பெரிய எண்ணிக்கையில் சேவையில் இருக்கின்றன. உக்ரைனில் இருந்து வாங்கிய ஸூபர் என்ற ராட்சத ஹோவர்கிராஃப்ட்களும் உண்டு. படத்தில் பார்க்கப் பிரமாதம், எண்ணிக்கையில் விரல்விட்டு எண்ணலாம்.

இப்போது கொழும்புக்கு வந்த கதவுக்குத் திரும்புவோம்.

வூஜி ஷான், சிலியன் ஷான் இரண்டும் 071 ரகம். இந்த ரகத்தின் முதல் கப்பல் குன்லுன் ஷான், ஷாங்காயின் ஹூடோங்-ஜோங்ஹுவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 2007-இல் படையில் சேர்ந்தது. இப்போது எட்டு. முழு எடை சுமார் 25,000 டன். பெயர்களில் வரும் ‘ஷான்’ என்றால் மலை. சீனாவில் இந்த வகைக்கு மலைப் பெயர்தான் வைப்பார்கள். வூஜி ஷான் என்பது ஹைனான் தீவின் ஐந்துவிரல் மலை.

இந்தக் கப்பலின் பின்பாதி வயிற்றுக்குள் ஒரு குளம் இருக்கிறது. வெல் டெக் என்பார்கள். நாம் உள்குளம் என்றே வைத்துக்கொள்ளலாம். நீளமான, உயரமான ஒரு குகை. கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது அது வறண்ட கொட்டகை. இறக்க வேண்டிய இடம் வந்ததும் கப்பல் நிற்கிறது. அடியில் உள்ள தொட்டிகளில் கடல்நீரை விடுகிறார்கள். கப்பலின் பின்பக்கம் மெல்ல அமிழ்கிறது. முதுகுக் கதவு கீழே மடங்குகிறது. கடல் உள்ளே வருகிறது. கொட்டகை குளமாகிவிட்டது. உள்ளே கட்டியிருந்த படகுகள் மிதந்து, கதவு வழியே தாமாக வெளியேறுகின்றன. டாங்கி மாதிரி இருக்கும் நீர்நில வாகனங்கள் உள்ளிருந்தே தண்ணீரில் இறங்கி நீந்திப் போகின்றன. வேலை முடிந்ததும் தொட்டி நீரை வெளியேற்றினால் கப்பல் எழும்பிக்கொள்ளும், குளம் வடிந்துவிடும். எருமை குளத்தில் அமிழ்ந்து எழுவது மாதிரி என்று ஒருமுறை ஒரு நண்பருக்குச் சொன்னேன். சிரித்தார், ஆனால் மறக்கவில்லை.

உள்குளத்தில் நான்கு ஹோவர்கிராஃப்ட் நிற்கலாம். 726 ரகம் என்று பெயர். காற்று மெத்தையின் மேல் வழுக்கிப் போகும் வண்டி இது. ஒரு கனரக டாங்கியைச் சுமக்கும். இதற்குக் கடல் வற்றினாலும் ஒன்றுதான், ஏறினாலும் ஒன்றுதான். சேற்றுத் திட்டின் மேலும் போகும், மணலில் ஏறிக் கரைக்கு உள்ளேயும் கொஞ்சதூரம் போகும். குநிங்தோவில் படகுகளைப் பிடித்து வைத்த சேறு இதைப் பிடிக்காது. தாய்க்கப்பல் கரையில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளியே நிற்கலாம். குறை இல்லாமல் இல்லை: எரிபொருளைக் குடிக்கும், காது கிழியும் சத்தம், கவசம் மெல்லிசு. ஒரு வண்டியில் ஒரு டாங்கி என்றால், ஒரு படைப்பிரிவைக் கரைசேர்க்க எத்தனை நடை போக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிக்காரர்கள் இந்த வகைக் கப்பலை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2020 ஜூனில் கொரோனா முடக்கத்தின்போது கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் ஆட்களை ஏற்றி வந்த ஐஎன்எஸ் ஜலஷ்வா இதே இனம். அமெரிக்காவிடம் இந்தியா வாங்கிய பழைய கப்பல், 071-ஐ விடச் சிறியது. ஆளை ஏற்றி இறக்க இடம், மருத்துவமனை, ஹெலிகாப்டர், படகு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், போர் இல்லாத நாளில் இவற்றுக்கு இப்படித்தான் வேலை வரும்.

சீனாவும் இந்த எட்டுக் கப்பலை அப்படித்தான் ஓட்டி ஓட்டிப் பழக்கியது. குன்லுன் ஷான் 2010-இல் ஏடன் வளைகுடாவுக்குக் கடற்கொள்ளையர் காவலுக்குப் போனது. 2014-இல் எம்எச் 370 விமானம் காணாமல் போனபோது அதுவும் ஜிங்காங் ஷானும் தேடலில் இறங்கின. 2017 ஜூலையில் சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவத் தளமான ஜிபூட்டிக்கு ஜான்ஜியாங் துறைமுகத்தில் இருந்து ஆட்களை ஏற்றிப் போனது ஜிங்காங் ஷான். 2022 தொடக்கத்தில் எரிமலையால் சிதைந்த டோங்கா தீவுகளுக்கு நிவாரணம் கொண்டுபோன கப்பல்களில் ஒன்று, கொழும்புக்கு வந்த இதே வூஜி ஷான். அதன் கொழும்பு வருகையே ஆப்பிரிக்காவில் தான்சானியாவை ஒட்டிய கூட்டுப் பயிற்சிக்குப் பின் ஊர் திரும்பும் வழியில்தான். நிவாரணப் பொட்டலமும் சிமெண்ட் மூட்டையும் இறக்குவதற்குத் தெரிய வேண்டிய வேலையும், டாங்கி இறக்கத் தெரிய வேண்டிய வேலையும் பெரும்பாலும் ஒன்றேதான். வேறு நாடுகளும் இதையே செய்கின்றன என்பதால் இதில் சூழ்ச்சி தேடத் தேவையில்லை; வெள்ளந்தியாக எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை.

071-இன் பலவீனம் வானத்தில் இருக்கிறது. ஒருசில ஹெலிகாப்டர்களுக்குத்தான் அதில் இடம். கரையில் இருக்கும் எதிரியின் தலைக்கு மேலே பறந்து, அவன் முதுகுப்புறம் வீரர்களை இறக்க வேண்டும் என்றால் ஹெலிகாப்டர்கள் கூட்டமாகக் கிளம்ப வேண்டும். அதற்காக வந்தது 075 ரகம். சுமார் 237 மீட்டர் நீளம், மேலே முனைக்கு முனை தட்டைத் தளம். தூரத்தில் இருந்து பார்த்தால் விமானந்தாங்கி என்றே நினைப்பீர்கள். உள்ளே ஏறத்தாழ முப்பது ஹெலிகாப்டர்கள் நிறுத்தலாம். ஹெலிகாப்டருக்கு இடம் கொடுத்ததால் உள்குளம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. நான்குக்குப் பதில் இரண்டு, மூன்று ஹோவர்கிராஃப்ட்தான். கப்பல் வடிவமைப்பில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை.

முதல் 075-இன் பெயர் ஹைனான். பாய்மரப் படகில் பிடித்த அதே தீவு. 2019 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள். 2020 ஏப்ரல் 11 அன்று தளத்தில் நிற்கும்போதே தீப்பிடித்துக் கரும்புகை கக்கியது. படங்கள் உலகமெங்கும் ஓடின. பதினோரே நாளில், ஏப்ரல் 22 அன்று, அதே தளம் இரண்டாவது கப்பலை நீரில் இறக்கியது. தீயைவிட எனக்கு இந்தத் தேதிதான் பயமாக இருந்தது. 2021 ஏப்ரல் 23 அன்று சான்யாவில் ஷி ஜின்பிங் முன்னிலையில் ஹைனான் படையில் சேர்ந்தது. அதன்பின் குவாங்ஷி, ஆன்ஹுய், ஹூபெய். மலைப் பெயர் போய் மாகாணப் பெயர் வந்திருப்பதைக் கவனியுங்கள். சீனா தன் விமானந்தாங்கிகளுக்கு வைப்பதும் மாகாணப் பெயர்தான். இந்தக் கப்பலை எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

அடுத்தது 076. அந்த ரகத்தின் முதல் கப்பல் சிச்சுவானை 2024 டிசம்பர் 27 அன்று ஷாங்காயில் நீரில் இறக்கினார்கள். நாற்பதாயிரம் டன்னுக்கு மேல். இதில் உலகின் எந்தத் தரையிறக்கக் கப்பலிலும் இல்லாத ஒன்று இருக்கிறது: விமானத்தை மின்காந்த விசையால் உண்டிவில் போல வீசி எறியும் கவண். கூடவே திரும்பி வரும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி. ஹெலிகாப்டருக்குக் கவண் தேவையில்லை. நிலையான இறக்கை கொண்ட பெரிய ஆளில்லா விமானங்களுக்காகத்தான் என்று கிட்டத்தட்ட எல்லோரும் நினைக்கிறார்கள். உளவு பார்க்க, குண்டு போட. உள்குளமும் இதில் அப்படியே இருக்கிறது. இது தரையிறக்கக் கப்பலா, குட்டி விமானந்தாங்கியா என்று கேட்டால், இரண்டு படகில் கால் வைத்திருக்கிறது என்றுதான் சொல்வேன். அது நல்லதா கெட்டதா என்பது கடலில் சில வருடம் ஓடிய பிறகுதான் தெரியும்.

இவ்வளவும் படித்தபின், ‘ஆக, இவற்றை வைத்துத் தைவானைப் பிடிக்கப் போகிறார்கள்’ என்று தோன்றும். அங்கேதான் ஒரு எளிய கூட்டல் தேவைப்படுகிறது. ஒரு 071-இல் அறுநூறு முதல் எண்ணூறு வீரர்கள். எட்டுக்கும் சேர்த்து ஆறாயிரம் சொச்சம். நான்கு 075-இல் இன்னொரு நாலாயிரம் என்று தாராளமாக வைப்போம். முன்கதவுக் கப்பல்கள் முப்பது என்று வைத்தால் ஏழாயிரத்து ஐந்நூறு. எல்லாக் கப்பலும் பழுதில்லாமல் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் ஒரு நடைக்கு இருபதாயிரம் பேர் வாக்கில்தான். 1944-இல் நார்மண்டியில் முதல் நாளில் இறங்கியவர்கள் சுமார் 1,56,000. தைவானிடம் முழுநேரப் படையே ஒன்றரை லட்சம் அளவில் இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் பாதி சேற்றுத் திட்டு, பல இடங்களில் கரையை ஒட்டியே ஊரும் வயலும். இறங்கத் தோதான கரைகள் கொஞ்சம்தான். கோடையில் சூறாவளி, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று.

அதனால்தான் 071, 075 எல்லாம் முதன்மையாகத் தைவானுக்கு என்று சொல்பவர்களிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நீரிணையைத் தாண்ட ஹோட்டல் மாதிரி வசதியுள்ள 25,000 டன் கப்பல் வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தூரக்கடலில் நிற்கவும், தென்சீனக் கடல் தீவுகளுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்வரவும்தான் அவ்வளவு பெரிசு தேவை. தைவான் என்று வந்தால் இவை முதல் குத்துக்குப் பயன்படும். கனமான அடுத்தடுத்த அலைகளுக்கு வேறு ஏதாவது வேண்டும். உள்ளே ஏறும் ஆட்களைப் பார்த்தாலும் இது தெரியும். சீனக் கடற்படையின் மரைன் படை 1953-இல் தொடங்கி, 1957-இல் கலைக்கப்பட்டு, 1980-இல் மீண்டும் உருவானது. 2017 வாக்கில் இருந்துதான் அது வேகமாகப் பெருத்தது. ஆனால் நீரிணையைத் தாண்டுவதற்கென்றே பழகும் நீர்நிலப் பிரிகேடுகள் ஆறு, தரைப்படையில்தான் இருக்கின்றன. கடலில் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் 05 ரக நீந்தும் வண்டிகள் அவர்களிடமும் உண்டு. தங்களுக்கென்று அத்தனை பேரை ஏற்றக் கப்பல்தான் இல்லை.

அந்த ‘வேறு ஏதாவது’ எதுவென்று பயிற்சிகளில் தெரிகிறது: பயணிகளும் கார்களும் ஏறும் சாதாரணப் படகுச்சேவைக் கப்பல்கள். போகாய் கடலில் தினமும் லாரி ஏற்றிப் போகும் பெரிய ஃபெர்ரிகள். 2017-இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்புப் போக்குவரத்துச் சட்டம், தேவைப்படும்போது இவற்றை ராணுவ வேலைக்கு எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. சிலவற்றின் பின்பலகையைப் பலப்படுத்தி, நீந்தும் வண்டிகளை நடுக்கடலிலேயே இறக்கிப் பழகியும் இருக்கிறார்கள். ஆனால் நீந்தாத லாரி, கனரக டாங்கி, எரிபொருள் வண்டி? ஃபெர்ரிக்கு மணலில் மூக்கை ஏற்றத் தெரியாது. அதற்குத் துறைமுகம் வேண்டும். சுற்றிச் சுற்றிப் பழைய கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

2025 தொடக்கத்தில் குவாங்ஜோவில் ஒரு தளத்தில் விசித்திரமான மிதவைகள் கட்டப்படுவது படங்களில் தெரிந்தது. மார்ச் மாதம் ஜான்ஜியாங் கரையில் அவை வேலை செய்யும் காணொளிகள் வெளியாயின. ஜிபூட்டிக்கு வீரர்கள் கப்பலேறிய அதே ஜான்ஜியாங். ‘ஷுய்ச்சியாவ்’ என்று பெயர், நீர்ப்பாலம். மூன்று மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொள்கின்றன. கரைப்பக்கம் நிற்பது ஒரு நீண்ட பாலத்தை மணலின் மேல் இறக்கி வைக்கிறது. கடைக்கோடியில், ஆழம் இருக்கும் இடத்தில், ஃபெர்ரி வந்து அணைந்து நிற்கலாம். லாரிகள் இறங்கி, மிதவைகளின் முதுகில் ஓடி, நேராகக் கரைச்சாலைக்குப் போய்விடலாம். நார்மண்டியில் நேச நாடுகள் இழுத்து வந்த மல்பெரி செயற்கைத் துறைமுகத்தின் பேரன் என்று சொல்லலாம்.

இந்த மிதவைகளுக்குக் கால்கள் உண்டு. இடத்துக்கு வந்ததும் தடித்த இரும்புத் தூண்களைக் கடலடியில் ஊன்றி, எண்ணெய்க் கிணற்று மேடை போல, உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்கின்றன. கீழே கடல் ஏறினாலும் வற்றினாலும் பாலம் அசையாது. அதே காரணத்தால், குண்டு வரும்போது நகரவும் முடியாது.